சோதனைச் சாவடியில் நிற்காத கிருமி

2024ஆம் ஆண்டு டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தின் கொடகநல்லூர், பழவூர் முதலிய கிராமங்களில் ஆஸ்பத்திரிக் கழிவுகள் குவியல் குவியலாகக் கொட்டப்பட்டிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. நோயாளிகளின் விவரம் தாங்கிய காகிதங்களும் கிடந்தபடியால், அவை திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிகளிலிருந்து வந்தவை என்பது வெளிப்பட்டது. சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு தானாகவே விசாரணையை மேற்கொண்டு, கழிவுகளைக் கேரளமே திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும் என்று உத்தரவிட்டது. டிசம்பர் 22ஆம் தேதி கேரள அதிகாரிகள் லாரிகளுடன் வந்து அவற்றை அள்ளத் தொடங்கினர்.

எல்லையில் சோதனையைக் கடுமையாக்க வேண்டும் என்ற குரல் அப்போது பலமாக எழுந்தது. அது நியாயமான கோரிக்கையே. ஆனால் லாரியைச் சாவடியில் மடக்குவது கடைசிக் காவல் மட்டுமே. நோய்க்கு எதிரான முதற் காவல் ஆஸ்பத்திரி வார்டில், கட்டிலுக்கு அருகில் வைக்கப்படும் வாளியிலும் பையிலும் இருக்கிறது. அது தவறினால் சாவடியால் பயனில்லை. இதைப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளின் சமீபகால அனுபவமே காட்டுகிறது.

பாறசாலையில் தொடங்கிய பாடம்

2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் கேரளத்தின் முதல் ஜிகா நோய்த் தொற்று அறிவிக்கப்பட்டது. பாறசாலைப் பகுதியைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு அது கண்டிருந்தது. தமிழக சுகாதார இலாகா உடனே குமரி மாவட்ட எல்லையில் கண்காணிப்பை முடுக்கிவிட்டது. ஆயினும் ஜிகாவைப் பிரதானமாகப் பரப்புவது, டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான். களியக்காவிளையில் மனிதரை நிறுத்தலாம். கொசுவை நிறுத்த இயலாது.

இதில் கவனிக்கத்தக்க விஷயம் வேறொன்று. ஆரம்பத்தில் தொற்று அறியப்பட்டவர்களில் பெரும்பாலோர் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி ஊழியர்கள். பினாயில் வாசனை வீசினாலே ஆஸ்பத்திரி சுத்தமாக இருக்கிறது என்று எண்ணுகிறோம். மொட்டை மாடியில் கிடக்கும் உடைந்த வாளியில் நான்கு நாள் தேங்கிய மழைநீரை எவரும் பார்ப்பதில்லை. ஏடிஸ் கொசு முட்டையிடுவது அப்படிப்பட்ட நீரில்தான். தேங்கிய நீரைக் கொட்டுவதும் தொற்றுத் தடுப்பில் சேர்ந்ததே.

2024ஆம் ஆண்டு ஜூலையில் நெய்யாற்றின்கரையில் மாற்றுத் திறனாளிகள் தங்கியிருந்த ஓர் இல்லத்தில் வயிற்றுப்போக்கு பரவியது. அங்கிருந்த இளைஞர் ஒருவர் இறந்தார். அதே இல்லத்துச் சிறுவன் ஒருவனுக்குக் காலரா என்பது பரிசோதனையில் உறுதியாயிற்று. காலரா, மலத்தால் அசுத்தமடைந்த நீரிலும் உணவிலும் பரவும் நோய். சுத்தமான குடிநீர், உரிய அளவு குளோரின், சோப்பிட்டுக் கழுவிய கை ஆகியவையே அதைத் தடுக்கும். பலர் சேர்ந்து வாழும் இல்லமானாலும் ஆஸ்பத்திரி வார்டானாலும், ஒருவர் கண்ட நோய் அடுத்தவரை அடைய ஓர் அசுத்தக் கை போதும்.

காக்கும் இடமே பரப்பும் இடமானால்

2018ஆம் ஆண்டு மே மாதம் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களை நிபா நோய் உலுக்கியதை மறப்பதற்கில்லை. முதல் நோயாளியிடமிருந்து பலருக்கும் நோய் தொற்றியது ஆஸ்பத்திரிகளுக்குள்ளேயே என்று பின்னர் நடந்த ஆய்வுகள் காட்டின. நோயாளிக்குப் பணிவிடை செய்த நர்ஸ் லினியும் அதற்குப் பலியானார். சிகிச்சைக்கு வந்தவர்களும் அவர்களுக்குத் துணை நின்ற உறவினரும் ஒரே தாழ்வாரத்தில் நெருக்கியடித்து நின்றதே வினையாயிற்று.

இது கேரளத்துக்கு மட்டுமோ, ஏழை நாடுகளுக்கு மட்டுமோ உரிய குறையன்று. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆஸ்பத்திரியில் சேரும் 100 பேரில் செல்வ நாடுகளில் 7 பேருக்கும், மற்ற நாடுகளில் 15 பேருக்கும் அங்கேயே புதிதாக ஒரு தொற்றாவது ஏற்படுகிறது. இதற்குரிய மருந்து விலை உயர்ந்ததுமன்று, புதியதுமன்று. 1847இல் வியன்னா நகரப் பிரசவ ஆஸ்பத்திரியில் டாக்டர் செம்மல்வைஸ், குளோரின் கலந்த நீரில் கை கழுவாமல் எந்த டாக்டரும் தாய்மாரைத் தொடக்கூடாது என்று கட்டளையிட்டார். அவ்வாண்டு ஏப்ரலில் 100க்கு 18ஆக இருந்த தாய்மார் மரணம், ஜூனில் சுமார் 2ஆகக் குறைந்தது.

வாளியும் பையும்

கிருமி நாசினியைத் தெளித்தால் மட்டும் வேலை முடிந்துவிடாது. அழுக்கை முதலில் துடைத்து அகற்ற வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய மருந்து வீரியம் இழந்துவிடும். ரத்தம் சிந்திய தரையில் 1 சதவீத ஹைப்போகுளோரைட் கரைசலை ஊற்றிக் குறைந்தது 10 நிமிஷமாவது விட்டுவைக்க வேண்டும். கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். கழிப்பறை கழுவும் ஆசிட்டுடன் அதைச் சேர்த்தால் விஷவாயு கிளம்பும்.

கழிவுகளைப் பிரிப்பதற்கும் 2016ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளில் திட்டவட்டமான முறை உண்டு. ரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பையில். பிளாஸ்டிக் குழாய்களும் கையுறைகளும் சிவப்புப் பையில். ஊசிகள் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில். கண்ணாடிப் புட்டிகள் நீலப் பெட்டியில். பைகளில் பார்கோடு இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் அவற்றைத் தேக்கி வைக்கக் கூடாது.

ஆனால் இவை எங்கே போய்ச் சேர்வது? கேரள ஆஸ்பத்திரிகளின் கழிவை அழிக்கும் பிரதான நிலையம் நீண்ட காலமாகப் பாலக்காட்டில் இருந்து வருகிறது. திருவனந்தபுரத்திலிருந்து அது 300 கிலோமீட்டருக்கு மேல். திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாலோட்டில் ஒரு நிலையம் அமைக்க முயன்றபோது அப்பகுதி மக்கள் எதிர்த்தனர். தம் ஊரில் வேண்டாம் என்று மக்கள் கூறுவதில் நியாயம் இருக்கலாம். எனினும் எந்த ஊருக்கும் வேண்டாத பை, கேட்பாரற்ற ஊரைத் தேடிப் போகிறது. நெல்லைக் கிராமங்கள் கண்டது அதைத்தான்.

யார் கையில் இருக்கிறது?

வாளியைத் தூக்குபவரும் பையைக் கட்டுபவரும் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிக்கு வந்தவர்களே. அவர்களில் வெளியூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களும் உண்டு. மேற்படி விதிகள் இவர்களுக்கும் பொருந்தும். கழிவைக் கையாளும் ஒவ்வொருவருக்கும் பயிற்சியும், கையுறை முதலிய பாதுகாப்புச் சாதனங்களும் அளிக்க வேண்டும். மஞ்சள் காமாலை வகையான ஹெபடைடிஸ் பி நோய்க்கும், டெட்டனஸுக்கும் தடுப்பூசி போட வேண்டும். வேலையில் சேரும்போதும், பின் ஆண்டுக்கு ஒரு முறையேனும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். இவை முதலாளி காட்டும் தயவல்ல. சட்டம் அளித்த உரிமை.

ஊசி குத்திவிட்டால் வேலை போய்விடுமோ என்றஞ்சி மறைப்பவர் பலர். அது பெருந்தவறு. சோப்பு நீரால் கழுவி, உடனே டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும். எய்ட்ஸ் கிருமித் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன். எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது.

1956 நவம்பர் 1ஆம் தேதி விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. நோயாளிகள் மட்டும் பிரியவில்லை. குமரி மாவட்டத்தார் இன்றும் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியை நாடுகிறார்கள். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல்லாண்டு பணிபுரிந்த டாக்டர் சாமர்வெல்லின் பெயர், எல்லைக்கு மறுபுறம் கேரளத்திலுள்ள காரக்கோணம் மருத்துவக் கல்லூரிக்குச் சூட்டப்பட்டிருக்கிறது. சிகிச்சையை இரு மாநிலமும் பகிர்ந்துகொள்ளும்போது, அதனால் விளையும் கழிவின் பொறுப்பை மட்டும் ஒருவர் மற்றவர் தலையில் கட்டுவது முறையாகாது.

ஒவ்வொரு பையும் எந்த வார்டில் கட்டப்பட்டது, எந்த உலையில் எரிந்தது என்பதற்கு இரு மாநில அதிகாரிகளும் சேர்ந்து கணக்குக் கேட்க வேண்டும். அந்தக் கணக்குச் சரியாக வேண்டுமானால், பையைக் கட்டும் தொழிலாளிக்கு முதலில் கையுறையும் தடுப்பூசியும் கிடைத்தாக வேண்டும். அவரைக் காக்காத ஆஸ்பத்திரி நோயாளியையும் காக்காது.