ஆற்றை அவிழ்த்து விட்டார்கள்!

வீட்டு முற்றத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறீர்களா? சிமெண்டுத் தரையானால் ஒரே ஓட்டமாக ஓடி வாசலில் போய் நிற்கும். மண் தரையானால் பாதியைப் பூமி குடித்துவிடும். மீதி மெள்ள நகரும். இந்தச் சின்ன விஷயத்தை ஒரு நகரமே மனத்தில் வாங்கிக்கொண்ட கதையை இந்த வாரம் சொல்கிறேன், கேளுங்கள்.

சிங்கப்பூரில் காலாங் ஆறு என்று ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் வெள்ளத்துக்குப் பயந்து அதற்குச் சிமெண்டுக் கரை கட்டினார்கள். ஆறு வாய்க்காலாயிற்று. பீஷான்-அங் மோ கியோ பூங்காவின் ஓரமாக 2.7 கிலோமீட்டர் தூரத்துக்கு ஈர்க்குச்சிபோல நேராக ஓடிற்று. இந்தப் பக்கம் பூங்கா, அந்தப் பக்கம் வீடுகள், நடுவே சிமெண்டுப் பள்ளம்.

2009-ல் வேலை தொடங்கியது. சிமெண்டை உடைத்தெடுத்து, ஆற்றைப் பூங்காவுக்குள்ளேயே வளைந்து வளைந்து போகும்படி விட்டார்கள். 2.7 கிலோமீட்டர் 3.2 கிலோமீட்டராக நீண்டது! சிமெண்டு இல்லாமல் கரை நிற்குமா என்று சந்தேகம் வருகிறதல்லவா? அவர்களுக்கும் வந்தது. முதலில் 60 மீட்டர் நீளத்தில் பரீட்சை செய்து பார்த்தார்கள். கல், மரக்கிளை, நார்விரிப்பு இவற்றோடு செடிகளை நட்டார்கள். வேர் இறங்க இறங்க மண் இறுகியது. சிமெண்டு நாளாக ஆகப் பழுதாகும். வேரோ நாளாக ஆகப் பலப்படும். உடைத்த சிமெண்டையும் வீணாக்கவில்லை. அதைக் கொண்டு பூங்காவில் ஒரு குன்றே எழுப்பிவிட்டார்கள்!

"குழந்தைகள் விளையாடும் இடத்தில் ஆறா?" என்று உங்களில் ஒரு தாய் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. குறுகிய வாய்க்காலில் மழைநீர் சட்டென்று ஏறிவிடும். அகன்ற புல்தரையில் அது பரவிக்கொண்டே மெள்ள ஏறும். கரை சரிவாக இருப்பதால் நடந்தே மேட்டுக்குப் போய்விடலாம். அதோடு நீர்மட்டம் பார்க்கும் கருவி, எச்சரிக்கை விளக்கு, சங்கு எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் மழை இருட்டிக்கொண்டு வந்தால் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிட வேண்டியதுதான். ஆறு ஆறுதானே!

2012-ல் பூங்கா திறக்கப்பட்டது. யாரும் அழைக்காமலே பறவைகளும் தும்பிகளும் வந்தன. பிறகு நீர்நாய்க் குடும்பமே வந்து ஊராரின் செல்லமாகிவிட்டது.

இதில் இல்லத்தரசிகளுக்கு முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. இந்த ஆறு கடைசியில் போய்ச் சேருவது மரினா நீர்த்தேக்கத்தில். அதிலிருந்து ஊருக்குக் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். பூங்காவில் எறிகிற குப்பை, சுற்றி வளைத்துத் தன் வீட்டுச் சமையலறையைத்தான் தேடி வருகிறது என்பது அங்கே குழந்தைக்கும் புரிகிறது.

நம்மால் ஆற்றைத் திருப்ப முடியாது, வாஸ்தவம். ஆனால் அடுத்த தடவை கொத்தனார், "முற்றம் முழுக்கச் சிமெண்டு பூசிவிடலாம் அம்மா, பெருக்கச் சுலபம்" என்று சொன்னால், "அந்த மூலையை மட்டும் மண்ணாக விட்டுவிடப்பா" என்று சொல்லலாமல்லவா? கொஞ்சம் பெருக்கச் சிரமந்தான். மழைக்குக் குடிக்க ஓர் இடம் வேண்டாமா?