மூக்கு உடைந்தால் யார் கட்டிக்கொள்வான்?

பெண்கள் ரக்பி ஆடக்கூடாது என்பதற்கு நம்மவர்கள் மூன்று காரணங்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, அது நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது. இரண்டு, அடிபடும். மூன்றாவதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆனால் முதல் இரண்டும் அதன் வயிற்றில் பிறந்த பிள்ளைகளே. "மூக்கு உடைந்தால் யார் கட்டிக்கொள்வான்?" என்பதுதான் அது.

ரக்பியைப் பார்த்திராத வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஓர் அணிக்கு 15 பேர். ஆட்டம் 80 நிமிஷம். முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம். தோழிக்கு எறிவதானால் பக்கவாட்டிலோ பின்புறமோதான் எறியவேண்டும். பந்து வைத்திருப்பவளைக் கட்டிப்பிடித்து வீழ்த்தலாம். தோளுக்கு மேலே கை போகக்கூடாது. சடுகுடு பார்த்து வளர்ந்த நாம் இதைக் கண்டு மூர்ச்சை போடவேண்டிய அவசியமில்லை.

இந்தியப் பெண்கள் இந்த 15 பேர் ஆட்டத்தில் சர்வதேசக் களம் கண்டதே 2018-ல்தான். மறு வருஷம் ஜூன் மாதம் மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று ஜெயித்தார்கள். அதுதான் அவர்களுடைய முதல் வெற்றி. ஆட்டம் முடியும் தறுவாயில் பந்தை உதைத்து அந்தக் கடைசி மூன்று புள்ளிகளை எடுத்தவர் சுமித்ரா நாயக். ஒடிசாவின் ஜாஜ்பூர் பக்கத்துப் பெண். புவனேசுவரத்தில் ஆதிவாசிக் குழந்தைகளுக்காக நடக்கும் கலிங்கா சமூக அறிவியல் நிறுவனத்தில் படித்தவர். அதே அணியின் ஸ்வீட்டி குமாரி, பீகாரில் பாட் என்ற ஊர்க்காரி. ஓட்டப் பந்தயத்திலிருந்து ரக்பிக்கு வந்தவர்.

இவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் கனவான்கள், "சபாஷ்! ஆனால் நம் வீட்டுப் பெண்ணுக்கு எதற்கு?" என்பார்கள். அந்த 'ஆனால்' இருக்கிறதே, அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பண்பாடு என்கிறீர்களா? கல்குளத்திலும் இரணியலிலும் பெண்கள் மாரை மறைத்ததே பண்பாட்டுக்கு விரோதம் என்று அடித்து, சேலையைக் கிழித்த பூமி ஐயா இது! 1859 ஜூலை 26-ல் திருவிதாங்கூர் மகாராஜா பிரகடனம் செய்த பிறகே நாடார் பெண்களுக்கு மேலாடை உரிமை கிடைத்தது; அதுவும் மேல்ஜாதிப் பெண்களைப் போல உடுத்தலாகாது என்ற நிபந்தனையோடு. அன்று துணி போட்டது குற்றம். இன்று அரைக்கால் சட்டை குற்றம். துணி மாறுகிறது. அளவெடுக்கும் கை மட்டும் மாறவில்லை.

அடிபடும் என்கிறீர்களா? மீன் கடவத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு கடற்கரையிலிருந்து ஊர் ஊராய் நடந்த பெண்ணின் கழுத்தைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? நெற்கட்டு சுமந்தவளின் இடுப்பைப் பற்றி? குடும்பத்துக்காகப் பட்ட காயம் தியாகம். தனக்காகப் பட்ட காயம் திமிர். இதுதானே நம் நியாயம்?

விளையாட்டுக்காரியின் நல்ல காலம் 18 வயதிலிருந்து 30 வரை. தரகர் நோட்டுப் புத்தகத்திலும் அதே வயதுதான் எழுதியிருக்கிறது. ஆகவே களத்தில் அவளை வீழ்த்துவது எதிரணி அல்ல, வீட்டுத் திண்ணை. சீதனத்தோடு ஒப்படைக்க வேண்டிய சரக்கில் கீறல் விழக்கூடாது என்ற கவலைக்கு நாம் பாசம் என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

பணக்கார தேசங்களிலும் பெண்ணின் ஆட்டத்துக்குக் காசு சுலபமாய்க் கிடைப்பதில்லை. 2025 உலகக் கோப்பைக்குத் தயாராகக் கனடா நாட்டுப் பெண்கள் அணி ஜனங்களிடம் பத்து லட்சம் டாலர் நன்கொடை கேட்க நேர்ந்தது. அந்த அணிதான் லண்டனில் 81,885 பேர் பார்க்க இறுதி ஆட்டம் ஆடி, இங்கிலாந்திடம் தோற்றது. அங்கே பணம்தான் தடை. இங்கே பணத்துக்கு முன்பே அப்பாவும் மாமாவும் தடை.

நாகர்கோவிலில் ஒரு பெண் நாளை இந்தப் பந்தைக் கையிலெடுத்தால், அவளுக்கு மாலையும் பொன்னாடையும் வேண்டாம். ஒரு மைதானம், வயிறாரச் சாப்பாடு, ஆட்டம் ஓய்ந்தபின் ஓர் உத்தியோகம்: இவை போதும். இவற்றைத் தர மனமில்லாதவர்கள் வழியையாவது விடட்டும். அவள் மூக்கு அவளுடையது.