அறிதலே நன்றி

மார்கழி கழிந்து தை பிறக்கும் காலம், நம் நாட்டில் விடுமுறையும் விழாவும் ஒருங்கு கூடும் காலமாகும். நத்தார்ப் பண்டிகையும் ஆங்கிலப் புத்தாண்டும் தைப்பொங்கலும் ஏறக்குறைய மூன்று வாரத்துள் அடுத்தடுத்து வருகின்றன. அலுவலகங்களில் நாட்குறிப்பேடுகளும் நாட்காட்டிகளும் கைமாறுகின்றன. ஆண்டு முழுவதும் அரிதாய் வழங்கிய ‘நன்றி’ என்னும் சொல் இந்நாள்களில் தாராளமாய் வழங்குகின்றது. அது நல்லதே. ஆயினும், அந்நன்றி யாரை நோக்கிச் செல்கின்றது என்பதைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பரிசுப் பொதி மேலதிகாரியின் மேசையை நாடிச் செல்கின்றது. அம்மேசையை நாள்தோறும் துடைப்பவரை நாடிச் செல்வதில்லை.

‘நன்றி’ என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் ‘நன்மை’ என்பதே பொருள். ஆதலின், திருக்குறளின் 11 ஆம் அதிகாரப் பெயராகிய ‘செய்ந்நன்றியறிதல்’ என்பது, பிறர் செய்த நன்மையை அறிதல் எனப் பொருள்படும். ‘கூறுதல்’ என்று வள்ளுவர் பெயரிட்டிலர். ‘அறிதல்’ என்றே பெயரிட்டார். அறிவு முன்னது, சொல் பின்னது. ஒருவர் நமக்குச் செய்தது யாது, அதனை எத்துணை வருத்தத்தோடு செய்தார் என்பவற்றை அறியாது கூறும் நன்றி, முகவரி எழுதாத மடல் போன்றது. எவரிடத்தும் போய்ச் சேராது.

அவ்வதிகாரம் நின்ற இடமும் கருதத்தக்கது. அஃது இல்லறவியலில் உள்ளது. ஆகவே வீட்டிற் பயிலவேண்டிய அறமாகும். அதனை அடுத்து வருவது நடுவுநிலைமை. நமக்கு நன்மை செய்தவரை நினைக்குமிடத்து நடுவுநிலை சிதைதல் கூடும். அவ்விடத்தும் அது சிதையலாகாது என்று உணர்த்தவே அவ்வாறு வைக்கப்பட்டது எனப் பரிமேலழகர் இயைபு காட்டினார். இன்றைய அலுவலகங்களுக்கு இதனினும் பொருத்தமான உரை வேறு வேண்டுமோ? இடமாற்றமும் பதவியுயர்வும் கருதி மேலுள்ளார்க்குக் கொடுப்பது நன்றியன்று, அது விலை.

விலையாகாத நன்றிக்குச் சான்று எங்கள் ஊரிலேயே உண்டு. காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். 1947 இல் யாழ்நூலை அரங்கேற்றினார். அத்துணை உயர்வு எய்தியவர், இளமையில் தமக்குக் கற்பித்த குஞ்சித்தம்பி ஆசிரியரை மறந்தாரல்லர். பெயர் சுட்டிப் பாடிப் போற்றினார். ஒரு சிற்றூர் ஆசிரியரால் அப்பேராசிரியருக்கு இனி ஆகவேண்டியது யாதொன்றுமில்லை. நமக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லாதவரிடத்துக் காட்டுவதே நன்றி என்க.

எங்கள் உழவர்களும் இதனை அறிவார்கள். பொங்கலை அறுவடை விழா என்று புத்தகங்கள் கூறும். ஆனால், வடகீழ்ப் பருவமழையோடு விதைத்த பெரும்போக நெல், தை முதல் நாளில் எங்கள் பகுதியிற் பெரும்பாலும் வயலிலேயே நிற்கும். வெட்டுவது மாசியிலும் பங்குனியிலும். அதற்குள் வெள்ளம் வரலாம், பூச்சி விழலாம். ஆயினும், முன்னைய போகத்து அரிசியைப் பொங்கி ஞாயிற்றைத் தொழுகின்றோம். பலன் வீடு வந்து சேரட்டும், பிறகு பார்க்கலாம் என்று நன்றியைத் தள்ளிவைப்பதில்லை.

யானோ தள்ளிவைத்தேன்.

யான் முன்னர்ப் பணியாற்றிய பாடசாலையில் ஓர் அம்மையார் சிற்றூழியராக இருந்தார். மாரிகாலத்தில் யான் வகுப்பிற்கு வருமுன், கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைக்கப்பட்டிருக்கும். மாலையிற் கரும்பலகைகளை எல்லாம் துடைப்பார். ஆனால் யான் விளக்கி முடியாத செய்யுளை மாத்திரம் துடையாது விடுவார். அவர் எழுத்தறியாதவர். எது முடிந்தது, எது முடியாதது என்பதை எங்ஙனம் அறிந்தார் என்று யான் ஒருநாளும் கேட்டிலேன். 2004 ஆம் ஆண்டின் இறுதித் தவணை முடிவில் அதிபருக்கு மாலை சூட்டினோம். வாழ்த்துப்பா இயற்றியவனும் யானே. அம்மையாருக்குத் தைப்பொங்கலுக்கு ஒரு சேலை வாங்கிக் கொடுத்து நாலு வார்த்தை சொல்லலாம் என எண்ணியிருந்தேன். டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் எழுந்து வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 க்கு மேற்பட்டோர் மாண்டனர். அம்மையாரும் அவர்களுள் ஒருவர்.

பாடசாலை மீளத் தொடங்கிய பின் ஒருநாள், பாதியில் விட்ட செய்யுளை முடிக்கும் எண்ணத்தோடு வகுப்பிற்குச் சென்றேன். கரும்பலகை முற்றும் துடைக்கப்பட்டிருந்தது. புதிதாக வந்தவர்மேற் குற்றமில்லை. அவர் தம் கடமையைச் செய்தார். பழையவர் இத்தனை ஆண்டும் செய்துவந்தது யாதென்று அன்றைக்குத்தான் அறிந்தேன். செய்ந்நன்றியறிதலை மாணவர்க்குப் பலமுறை கற்பித்தவன் யான்; கேட்பதற்கு அவர் இல்லாதபோது யான் அதனைக் கற்றேன்.

அதன்பின் வந்த ஒரு பொங்கல் நாளில், அடுப்படியில் நின்ற என் மனைவியிடம், “நாள்தோறும் எனக்கு முன்னெழுந்து தேநீர் வைக்கின்றாய், கூட்டம் முடிந்து யான் பிந்தி வரும் இரவுகளில் உண்ணாமற் காத்திருக்கின்றாய், இவற்றை யான் அறிவேன்” என்றேன். அவர் திரும்பி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, “என்ன, மேலுக்குச் சரியில்லையா?” என்றார். நகைப்பிற்கு இடமான அவ்வினா என்னை நாணச் செய்தது. கணவன் வாயிலிருந்து ஓர் அறிதற்சொல் பிறந்தால் அது நோயின் குறியோ என்று ஐயுறும் அளவிற்கு வாளா இருந்துவிட்டேன் அன்றோ!

எங்கள் ஊருக்கு வடக்கே சாய்ந்தமருதிலும் தெற்கே நிந்தவூரிலும் வாழும் முஸ்லிம் அன்பர்கள் நன்றி கூறுமிடத்து ‘ஜஸாகல்லாஹு கைரன்’ என்பர். அல்லாஹ் உமக்கு நற்கூலி வழங்குவானாக என்பது அதன் பொருள். எங்கள் மூதாட்டியர் ‘நல்லாயிருப்பாய்’ என்பர். இரண்டிலும் சொல்பவர் தம்மை முன்னிறுத்துவதில்லை, செய்தவரையே முன்னிறுத்துகின்றனர்.

ஒன்று மாத்திரம் மறத்தலாகாது. நன்றிச்சொல் கூலிக்கு ஈடாகாது. கூலியை நிலுவையில் வைத்துக்கொண்டு கைகூப்பி நன்றி நவில்வது வஞ்சனை. முதலிற் கொடுக்கவேண்டியதைக் கொடுத்து, அதன்மேற் சொல்லவேண்டியதைச் சொல்லுக.

ஆதலின், இவ்விடுமுறை முடியுமுன் அன்பர்கள் இரண்டு காரியம் செய்தல் வேண்டும். பணியிடத்தில் தமக்குக் கீழ் உள்ள ஒருவரையும் வீட்டில் ஒருவரையும் நினைந்து, அவர் செய்த ஒரு செயலைப் பெயர் குறித்துச் சொல்லுக. ‘எல்லாவற்றிற்கும் நன்றி’ எனப் பொதுப்படக் கூறற்க. வாளி வைத்ததைச் சொல்லுக, தேநீர் வைத்ததைச் சொல்லுக. வயலில் நெல் நிற்கும்போதே பொங்குகின்ற நாம், கேட்கவேண்டியவர் இருக்கும்போதே சொல்லிவிடுவோமாக.