டிராஃப்ட்டில் டிகிராமை எடுக்கலாமா?

அமெரிக்காவில் ஃபேன்டஸி பேஸ்பால் ஆடுபவர்களுக்கு வருஷா வருஷம் ஒரே தலைவலி: அடிக்கடி காயம்படும் நட்சத்திரத்தை எடுப்பதா, விடுவதா?

பிட்சர் ஜேக்கப் டிகிராமையே பாருங்கள். 2018, 2019 இரண்டு வருடமும் சை யங் விருது. டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்கு வந்த 2023-ல் 6 ஆட்டத்தோடு முழங்கையில் அறுவை சிகிச்சை. 2024-ல் வெறும் 3. 'ஆள் அவ்வளவுதான்' என்று ஒதுக்கியவர்கள், 2025-ல் அவர் 30 ஆட்டங்களில் பந்து வீசியதைப் பார்த்து நொந்திருப்பார்கள்!

அதனால், காயம் வருமா என்று ஜோசியம் பார்க்காதீர்கள். அவர் இல்லாத வாரங்களில் யார் ஆடுவார் என்று பாருங்கள். காயம்பட்டவரை நிறுத்திவைக்க உங்கள் லீக்கில் தனி இடம் உண்டா? அப்படியென்றால் அவரை அங்கே போட்டுவிட்டு மாற்று ஆளைச் சேர்க்கலாம். இல்லையென்றால் பெஞ்சில் ஓர் இடம் மாதக்கணக்கில் வீண். 10 அணி லீக்கில் ஓரளவு நல்ல பிட்சர் மிச்சம் கிடப்பார். 15 அணி என்றால் துடைத்து எடுத்திருப்பார்கள். அங்கே முதல் ரவுண்டுகளில் டிகிராமை நான் தொடமாட்டேன்.