அரை ஸ்கூப்

மதுரையில் நான் போகும் ஜிம், ஒரு புரோட்டாக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. சாயங்காலம் படியேறினால் கீழே கல்லில் முட்டை கொத்துகிற சத்தம், மேலே இரும்புத் தட்டுகள் மோதுகிற சத்தம். இரண்டுக்கும் நடுவே படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு பையன் உட்கார்ந்து ஷேக்கரைக் குலுக்கிக்கொண்டிருப்பான். சாப்பாடு டெலிவரி வேலை. வயது இருபத்திரண்டு இருக்கும். டப்பாவிலிருந்து ஒரு ஸ்கூப் அள்ளுவான், விரலால் வழிப்பான், பாதியைத் திரும்ப டப்பாவிலேயே தட்டிவிடுவான். ‘ஏன்டா பாதி?’ என்று ஒருநாள் கேட்டேன். ‘மாசக் கடைசி வரைக்கும் வரணும்லண்ணே’ என்றான். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றதற்கு, டீயும் பன்னும் என்றான்.

அந்த அரை ஸ்கூப்பில் இருப்பது சுமார் 12 கிராம் புரதம். இரண்டு முட்டையில் இருப்பதும் அதுதான். கீழே கொத்திக்கொண்டிருந்தார்களே, அதே முட்டை.

எடை தூக்கத் தொடங்கிய இரண்டாவது வாரமே ‘என்ன புரோட்டீன் எடுக்குற?’ என்று கேட்டுவிடுகிறார்கள். ஒன்றும் எடுக்கவில்லை என்றால் ஒரு பரிதாபப் பார்வை. பவுடர் குடிக்காமல் செய்கிற பயிற்சி விழலுக்கு இறைத்த நீர் என்று எல்லாரும் நம்புகிறார்கள். படித்தவர்கள் ஒரு படி கூடுதலாக நம்புகிறார்கள். நானும் நம்பினவன்தான். ஜிம் மாஸ்டர் கையாலேயே 2 கிலோ டப்பா வாங்கி, பயபக்தியோடு குடித்துத் தீர்த்தேன். டப்பாவுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஜிம்மில் அவருக்குக் கொடுக்கிற சம்பளத்தைக் கேட்டால் உங்களுக்கும் வராது.

டப்பாவில் இருக்கிற வே புரோட்டீன் என்பது என்ன? பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி எடுத்தபின் வடிகிற தண்ணீரில் உள்ள புரதம். வீட்டில் பனீர் செய்யும்போது துணிக்குக் கீழே வெளிறின மஞ்சளாக ஒரு தண்ணீர் இறங்குமே, அதற்கு ஒன்றுவிட்ட அண்ணன். மேலைநாட்டுப் பாலாடைக்கட்டி ஆலைகள் ஒரு காலத்தில் அதைப் பன்றிகளுக்கு ஊற்றின, வயலிலும் ஆற்றிலும் விட்டன. பிறகு நுண்சவ்வு வழியாக வடித்துப் புரதத்தைப் பிரிக்கும் தொழில்நுட்பம் வந்தது, கழிவு சரக்காயிற்று. சரக்கு நல்ல சரக்குதான். சீக்கிரம் செரிக்கும், தசைக்கு வேண்டிய லியூசின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. அதை நான் மறுக்கவில்லை. அது இல்லாமல் உடம்பு ஏறாது என்ற பேச்சைத்தான் மறுக்கிறேன்.

2018இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. எடைப் பயிற்சியோடு கூடுதல் புரதமும் கொடுத்துப் பார்த்த 49 ஆய்வுகள், 1863 பேர். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்ததில், கூடுதல் புரதம் எடுத்தவர்களுக்கு மற்றவர்களைவிட ஏறிய கொழுப்பில்லாத எடை சராசரியாக 0.3 கிலோ. முந்நூறு கிராம். கறிக்கடையில் போய் முந்நூறு கிராம் கேட்டால், ‘கால் கிலோவா அரைக் கிலோவா, ஒழுங்காச் சொல்லு’ என்பார்கள். மிச்ச வளர்ச்சியெல்லாம் எங்கிருந்து வந்தது? பவுடர் எடுக்காதவனுக்கும் எங்கிருந்து வந்ததோ, அங்கிருந்துதான்: தூக்கிய எடையிலிருந்து. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராமைத் தாண்டிப் புரதம் சாப்பிட்டாலும் தசை அதற்கு மேல் கூடுவதில்லை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் இந்த அளவையே சொல்லி, புரதப் பவுடர்களைத் தவிர்க்கும்படி பச்சையாகவே எழுதியிருக்கிறது. ஜிம் சுவரில் அதை யாரும் ஒட்டவில்லை.

சரி, 1.6 என்றே வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ள பையனுக்கு 96 கிராம். நாலு முட்டையில் 24. அரை லிட்டர் பாலில் 16. ஐம்பது கிராம் கொண்டைக்கடலையைச் சுண்டலாக்கினால் 10. ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 7. குழம்புக்கும் கூட்டுக்குமாக ஐம்பது கிராம் பருப்பில் 11. நாள் முழுவதும் சாப்பிடுகிற இட்லி, சோற்றில் ஒரு 20. இரண்டு மத்தி மீன் சேர்த்தால் கணக்கு முடிந்தது. முட்டையும் மீனும் ஆகாதென்றால் மீல்மேக்கர் இருக்கிறது. காய்ந்த நிலையில் அதன் எடையில் பாதி புரதம். இதில் எதற்கும் ஷேக்கர் தேவையில்லை. சோயாவும் பருப்பும் ‘முழுமையான புரதம் இல்லை’ என்று டப்பாக்காரர்கள் சொல்வார்கள். சோயாவுக்கு அது பொருந்தவே பொருந்தாது. பருப்பில் குறைகிற மெத்தியோனைன் என்ற அமினோ அமிலம் அரிசியில் இருக்கிறது, அரிசியில் குறைகிற லைசின் பருப்பில் இருக்கிறது. இட்லிக்கு அரிசியும் உளுந்தும் சேர்த்து அரைத்த பாட்டிக்கு லைசின் தெரியாது, ஆனாலும் அரைத்தாள்.

விலையையும் பார்த்துவிடலாம். எங்கள் தெரு மளிகைக் கடையில் முட்டைப் புரதம் கிராமுக்கு ஒரு ரூபாய்க்குச் சற்று மேல், கொண்டைக்கடலைப் புரதம் அரை ரூபாய். டப்பாவில் கிராமுக்கு மூன்று ரூபாய்க்கு மேல். மாஸ் கெயினர் என்று மூட்டை மூட்டையாக விற்கிறார்களே, அது இன்னும் மோசம். அதில் பெரும்பங்கு மால்ட்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்து. ஒல்லிப் பையன்கள் சாக்லேட் வாசனை போட்ட மாவைக் கிலோக் கணக்கில் வாங்கிக் குடிக்கிறார்கள். அதற்குப் பதில் கீழே போய் இரண்டு புரோட்டா தின்னலாம். அதுவாவது சூடாக இருக்கும்.

டப்பாவில் 24 கிராம் என்று அச்சடித்திருந்தால் உள்ளேயும் 24 கிராம் இருக்கும் என்று நினைக்கிறோமே, அந்த நம்பிக்கைக்கும் ஒரு பழைய ஓட்டை உண்டு. 1883இல் டென்மார்க்கில் ஒரு பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் யோகான் கெல்டால் என்ற வேதியியலாளர், தானியத்தில் எவ்வளவு புரதம் என்று கண்டுபிடிக்க ஒரு வழி செய்தார். புரதத்தை நேராக அளக்காமல் நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்குவது. இன்றும் உலகம் முழுக்க அதுதான் நடக்கிறது. ஆனால் நைட்ரஜன் புரதத்தில் மட்டுமா இருக்கிறது? கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலங்களைக் கலந்தால் கருவி அதையும் முழுப் புரதமென்று எழுதிவிடும். 2008இல் சீனாவில் பாலில் நைட்ரஜன் மிகுந்த மெலமின் கலந்ததும் இந்த ஓட்டை வழியாகத்தான். ஆறு குழந்தைகள் செத்தார்கள், கிட்டத்தட்ட மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். நம் பவுடர் டப்பாக்களில் மெலமின் இருக்கிறதென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கொச்சி மருத்துவர் சிரியாக் ஆபி ஃபிலிப்ஸ் குழுவினர் இந்தியாவில் விற்கும் 36 பவுடர்களை வாங்கிச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ 70 விழுக்காட்டில், உறையில் போட்ட புரதக் கணக்கு சரியில்லை. 14 விழுக்காட்டில் பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சின் இருந்தது, 8 விழுக்காட்டில் பூச்சிமருந்து எச்சம். முட்டைக்குள் கடைக்காரர் எதையும் கலக்க முடியாது; ஓட்டை உடைக்க வேண்டுமே.

இந்த வியாபாரம் புதிதென்று யாரும் நினைக்க வேண்டாம். நாம் இன்றைக்கும் கையில்லாத பனியனைச் சாண்டோ பனியன் என்கிறோம். படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவருக்கும் அந்தப் பட்டம் ஒட்டியது. பெயருக்குரிய யூஜின் சாண்டோ 1867இல் பிரஷியாவில் பிறந்த பயில்வான். மேடையில் தசையைக் காட்டிப் பேர் வாங்கியவர், பிறகு தன் பெயரில் ‘ஆரோக்கியமும் வலிமையும்’ தரும் கோக்கோப் பொடி விற்றார். அவருடைய உடம்பு வந்தது இரும்பிலிருந்து, விற்றது கோக்கோவை. கம்பெனி முதல் உலகப் போர்க் காலத்தில் நொடித்துப் போனது, யோசனை மட்டும் நொடிக்கவில்லை.

பயிற்சி முடிந்து அரை மணிக்குள் குடிக்காவிட்டால் எல்லாம் போச்சு என்று ஓடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தசை ஒரு நாள் வரைக்கும் புரதத்தை வாங்கிக்கொள்ளும் நிலையில்தான் இருக்கும். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டே சாப்பிடலாம்.

எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டு ‘பவுடர் குடிச்சா கிட்னி போயிரும்’ என்கிறவர்களோடும் எனக்கு ஒட்டு உறவில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தை எந்த வடிவில் எடுப்பதானாலும் மருத்துவரைக் கேட்டாக வேண்டும், உண்மை. நல்ல சிறுநீரகம் உள்ளவனை ஒரு ஸ்கூப் சாய்த்துவிடாது. சாப்பிட முடியாத முதியவருக்கு, நோயில் இளைத்தவருக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அது வேறு கதை. மேடையேறிப் போட்டி போடுகிறவர்கள் கதையும் வேறு.

என் சண்டை வேறிடத்தில். நம் தட்டில் புரதம் குறைவு என்பது மெய்தான். நாலு தோசையும் தண்ணிச் சட்னியுமாக ஒரு வேளை முடிகிறது. ஓட்டல் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது. அந்தக் குறையைத் தட்டில் சரிசெய்வதால் யாருக்கும் லாபமில்லை. ஆகவே தட்டை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் ஒரு டப்பாவை வைக்கச் சொல்கிறார்கள். பையன் அந்த டப்பாவுக்காகக் காலைச் சாப்பாட்டை விடுகிறான். அம்மா ஊறவைத்த சுண்டலைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறான்.

இதையெல்லாம் படிக்கட்டில் உட்கார்ந்து, விரல் விட்டு எண்ணி, அவனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். ‘கணக்கு சரிதாண்ணே. ஆனா அவிச்ச முட்டையப் பையில போட்டுட்டு வந்தா நாறுமே’ என்றான்.

கடலை கொண்டு வா, அது நாறாது என்றேன்.

‘போங்கண்ணே’ என்று ஷேக்கர் மூடியைத் திருகினான். ‘இங்க உக்காந்து கடலை தின்னா தாத்தான்னு கூப்பிடுவாய்ங்க.’