ஸ்கூல்ல இடம் கிடைச்சாச்சு... ‘இது என் ஸ்கூல்’ என்ற உணர்வு எப்போது வரும்?

‘டைவர்சிட்டி, இன்க்ளூஷன், பிலாங்கிங்’. கார்ப்பரேட் ஆபீஸில் வேலை செய்பவர்களுக்கு இந்த மூன்று வார்த்தைகளும் எச்.ஆர். மெயில் வழியாகப் பழகிப்போனவை. எளிமையாகச் சொன்னால் மூன்று கேள்விகள். எல்லாத் தரப்பினரும் உள்ளே வந்துவிட்டார்களா? வந்தவர்களுக்குச் சமமான இடம் இருக்கிறதா? ‘இது என் இடம்’ என்று பயமில்லாமல் அவர்களால் இருக்க முடிகிறதா?

இதே கேள்விகளைத் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பள்ளிகளிடம் கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ‘ஆமா’ என்று பதில் வரும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே யூனிஃபார்மில்தான் வருகிறார்கள். சிக்கல் மூன்றாவது கேள்வியில் இருக்கிறது.

என்ன நடந்தது?

2023 ஆகஸ்ட் 9. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பட்டியலினத்தைச் சேர்ந்த பிளஸ் 2 மாணவர் ஒருவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் வெளியாட்கள் இல்லை, அதே பள்ளியின் மாணவர்கள். தொல்லை தாங்காமல் அந்த மாணவர் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். காரணம் கேட்ட பள்ளியிடம் நடந்ததைச் சொன்னார். அன்று இரவே தாக்குதல்.

அடுத்த மாதம் தூத்துக்குடி மாவட்டம், எட்டயபுரம் அருகே உசிலம்பட்டி ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. காலை உணவைச் சமைப்பவர் பட்டியலினப் பெண் என்பதால் சில பெற்றோர் பிள்ளைகளைச் சாப்பிட விடவில்லை என்று செய்தி வந்தது. கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் நேரில் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். துறைமுகத்துக்குப் பெயர் தந்த வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரமும், பாரதி பிறந்த எட்டயபுரமும் இருக்கும் அதே மாவட்டம்தான் இது.

2025 மார்ச் 10. ஸ்ரீவைகுண்டம் அருகே பரீட்சை எழுத பஸ்ஸில் போன பிளஸ் 1 மாணவரை ஒரு கும்பல் வழிமறித்து வெட்டியது. அவருடைய கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் ஜெயித்ததுதான் காரணம் என்றது குடும்பம்.

ஒன்று வீட்டில், ஒன்று சாப்பாட்டுத் தட்டில், ஒன்று பஸ்ஸில். மூன்றிலும் அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் இருந்தது. பாதுகாப்பும் மரியாதையும்தான் இல்லை.

சந்துரு குழு சொன்னது என்ன?

நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அரசு அமைத்தது. 2024 ஜூன் 18 அன்று அவர் அறிக்கை கொடுத்தார். முக்கியப் பரிந்துரைகளில் சில:

• பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் இருக்கக் கூடாது.
• சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி போன்றவற்றுக்குத் தடை.
• வகுப்பில் அகர வரிசைப்படிதான் உட்கார வைக்க வேண்டும்.
• வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது. உதவித்தொகை பற்றி வகுப்பில் எல்லோர் முன்னாலும் பேசக் கூடாது.
• உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை இடமாற்றம் செய்ய வேண்டும்.
• 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும்.
• இதற்கெல்லாம் தனிச் சட்டம் வேண்டும்.

ஒரு கயிறு இவ்வளவு பெரிய விஷயமா?

ஆமா, பெரிய விஷயம்தான். இன்ன நிறம் இன்ன சாதி என்று பிரித்துக் கட்டப்படும் கயிறு, வாயைத் திறக்காமலேயே ‘நீ யாரு’ என்று கேட்டுவிடுகிறது. வகுப்பில் எழுந்து நிற்கச் சொல்லி, ‘ஸ்காலர்ஷிப் வாங்குறவங்க யாரு’ என்று கேட்பதும் அதே கேள்விதான். அகர வரிசையில் உட்கார வைத்தால் நட்பு வந்துவிடுமா என்று கிண்டலாகக் கேட்கலாம். வராமலும் போகலாம். ஆனால் சாதிவாரியாகக் கூட்டம் சேர்ந்து உட்காரும் வாய்ப்பு குறையும். பக்கத்து பெஞ்சில் யார் என்பதைச் சாதி முடிவு செய்யாது.

‘இது மத நம்பிக்கையில் கை வைப்பது’ என்ற எதிர்ப்பும் வந்தது. கோயில் கயிற்றையும் சாதிக் கயிற்றையும் எப்படிப் பிரிப்பது என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதற்குத் தெளிவான விதி எழுத வேண்டும், விதியே வேண்டாம் என்று விடுவது தீர்வாகாது. 2019-ல் நடந்ததை மறக்கக் கூடாது. கலர் கயிறுகளைத் தடுக்கச் சொல்லி பள்ளிக்கல்வித் துறை சர்க்குலர் அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும், தனக்குத் தெரியாமல் அது போய்விட்டது என்றார் அன்றைய அமைச்சர் செங்கோட்டையன். பழைய நிலையே தொடர்ந்தது. சர்க்குலரின் ஆயுள் அவ்வளவுதான். சந்துரு சட்டம் கேட்பதன் அவசியம் இதில் புரியும்.

நல்ல மனசு இருந்தால் போதாதா?

போதாது என்பதற்கு நம்ம பக்கத்திலேயே சாட்சி உண்டு. 1920-களில் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் குருகுலம் நடத்தினார். தேசபக்தர், காங்கிரஸிடம் நிதி வாங்கி நடத்திய இடம். அங்கேயும் பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி போடப்பட்டது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதை எதிர்த்துக் கிளப்பிய சர்ச்சை தமிழக அரசியலையே திருப்பிவிட்டது.

கடல் தாண்டியும் இதே கதைதான். அடிமைமுறையை முதலில் எதிர்த்தவர்களில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் முக்கியமானவர்கள். அவர்களுடைய வாஷிங்டன் பள்ளியான சிட்வெல் ஃபிரெண்ட்ஸ் 1883-ல் தொடங்கியது. ஒபாமாவின் மகள்கள் படித்த பள்ளி அது. ஆனால் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அதன் கதவு திறந்தது 1956-ல்தான். சமத்துவத்தை நம்பியவர்களுக்கே எழுபது வருடம் ஆனது. நம்பிக்கையை விதியாக எழுதிவைக்காத வரை பழைய வழக்கம்தான் ஜெயிக்கும்.

இனி என்ன செய்யணும்?

பெயர் மாற்றத்தில் அரசு நகர்ந்திருக்கிறது. 2025 ஜூலையில் அரசு மாணவர் விடுதிகள் ‘சமூகநீதி விடுதிகள்’ ஆயின. நல்ல விஷயம். ஆனால் போர்டு மாற்றுவது சுலபமான வேலை. கஷ்டமான வேலை, புகார் கொடுத்த பிள்ளையைக் காப்பாற்றுவது. நாங்குநேரியின் பெரிய பாடம் அதுதான். புகார் வந்த நிமிடத்திலிருந்து யார் பொறுப்பு, புகார் கொடுத்தவர் பெயர் எப்படி வெளியே போகாமல் இருக்கும், அன்று மாலை அவர் எப்படி வீடு போவார் என்று ஒவ்வொரு பள்ளியிலும் எழுதப்பட்ட நடைமுறை வேண்டும். பஸ் ரூட்டும் அதில் சேர வேண்டும். ஸ்ரீவைகுண்டம் அதைத்தான் சொல்கிறது.

இந்த ஊர்களில் படித்துவிட்டு சென்னையிலும் பெங்களூரிலும் வேலை செய்பவர்களுக்கும் பங்கு உண்டு. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் முன்னாள் மாணவர்களுக்கும் இப்போது இடம் இருக்கிறது. ஸ்மார்ட் போர்டு வாங்கித் தருவதோடு நிறுத்தாமல், ‘நம்ம ஸ்கூல்ல புகார் வந்தா என்ன பண்றீங்க?’ என்று தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம். ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் சாதிப் பெருமை ரீல்ஸ் வந்தால், அதை ஃபார்வர்டு பண்ணாமல் விடலாம். அந்த வீடியோவைப் பார்ப்பவர்களில் பத்தாம் வகுப்புப் பையன்களும் இருக்கிறார்கள்.