டஃபி இல்லாத டஃபி கடை

தொலைபேசி மணி அடிக்கும். மேலாளர் ஆர்ச்சி எடுத்து, மேட்டுக்குடி மக்கள் சாப்பிட வரும் இடம் என்று கடையைப் பற்றிப் பீற்றிக்கொள்வார். முதலாளி டஃபி கடையில் இல்லை என்பார். மறுமுனையில் இருப்பதே டஃபிதான்! 1941 முதல் 1951 வரை அமெரிக்க வானொலியில் ஒலித்த 'டஃபிஸ் டாவர்ன்' நாடகம் ஒவ்வொரு வாரமும் இப்படித்தான் தொடங்கியது.

கதை நடக்குமிடம் நியூயார்க்கின் மூன்றாம் அவென்யூவில் உள்ள ஓர் அழுக்கு மதுக்கடை. டஃபியின் குரலை நேயர்கள் கேட்டதே இல்லை. ஆர்ச்சி சமாளிப்பதையும் வழிவதையும் வைத்து, அந்தப் பக்கம் முதலாளி என்ன திட்டியிருப்பார் என்று நாமேதான் ஊகிக்க வேண்டும். பாதி வசனத்தைக் கேட்பவர் தலையில் கட்டிவிட்ட இந்தத் தந்திரம்தான், என்னைக் கேட்டால், நாடகத்தின் உயிர். நாம் ஊகிக்கும் திட்டு எப்போதும் எழுத்தாளர் எழுதக்கூடியதைவிடச் சுவையாக இருக்கும்.

ஆர்ச்சியாக நடித்த எட் கார்ட்னர்தான் நாடகத்தை உருவாக்கியவரும். படித்தவர்போலப் பேச முயன்று ஆங்கிலத்தைக் கந்தலாக்குவார். கடைக்கு வரும் சினிமா நட்சத்திரங்களை மட்டம் தட்டுவார். டஃபியின் மகளாக முதலில் நடித்த ஷெர்லி பூத், அப்போது கார்ட்னரின் மனைவி. பின்னாளில் ஆஸ்கர் வாங்கினார்.

எனக்குப் பிடித்தவர் பரிமாறுபவர் எடி. நடித்தவர் கறுப்பினக் கலைஞர் எடி கிரீன். கறுப்பின நடிகர்களுக்கு வேலைக்காரர் வேடமே வாய்த்த காலம் அது. இவருக்கும் அதுதான் கிடைத்தது. ஆனால் ஆர்ச்சி கட்டும் மனக்கோட்டைகளை ஒற்றை வரியில் சரிப்பவர் இவரே. கடையில் விவரமான ஆள் அவர் ஒருவர்தான் என்பது கேட்பவர் எல்லாருக்கும் தெரியும். அன்றைய வானொலியில் அது சிறிய விஷயமல்ல.

1945இல் பாரமவுண்ட் இதைப் படமாக்கியது. பிங் கிராஸ்பி முதல் ஆலன் லாட் வரை நட்சத்திரக் கூட்டம். கடைதான் காணாமல் போனது. 1954இல் வந்த தொலைக்காட்சி வடிவம் ஒரு பருவத்தைத் தாண்டவில்லை. நாமாகக் கற்பனையில் கட்டிய கடையைக் கண்ணெதிரே நிறுத்தினால் வேறென்ன நடக்கும்?

நாடகத்தின் தலைமை எழுத்தாளர் ஏப் பர்ரோஸ். அவர் மகன் ஜேம்ஸ் பர்ரோஸ், 1982இல் தொடங்கிய புகழ்பெற்ற 'சியர்ஸ்' தொடரை உருவாக்கிய மூவரில் ஒருவர். அதுவும் பாஸ்டனில் ஒரு மதுக்கடை. அங்கே தினமும் வந்து குந்தும் நார்ம், மனைவி வீராவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார். அவள் முகத்தைக் கடைசிவரை காட்டவில்லை. அப்பாவின் சரக்கு என்றே நான் நினைக்கிறேன்.

பழைய ஒலிப்பதிவுகள் பல இணையத்தில் கிடைக்கின்றன. ஆர்ச்சியின் கொச்சை பிடிபடச் சற்று நேரமாகும். திரையை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.